சும்மா ஒருத்தரையும் நடுவில விடமாட்டினம்

பாலே நடனம் பார்க்கப் போகிறவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். அக்கா இயக்குநரைப் பார்ப்பார். நடனக் குழுவின் இயக்குநர் முதல் மாடியில் இடது ஓரமாக உட்கார்ந்திருப்பார். அக்காவிடம் ஒரு சின்ன பைனாகுலர் உண்டு. மேடையில் கதாநாயகி ஒற்றைக் கால்விரலில் நின்று சுழன்றுகொண்டிருக்க, அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அக்காவின் பைனாகுலர் மேலே திரும்பியிருக்கும். "அவன் ஆரைப் பாக்கிறான் எண்டு பாரும். அடுத்த வருஷம் அவவுக்குத்தான் பதவி" என்று என் காதில் கிசுகிசுப்பார். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி முறைப்பார். அக்கா அசரமாட்டார். முறைத்தவர் இயக்குநருக்கு வேண்டப்பட்டவராக இருக்கக்கூடும் என்று இடைவேளையில் சொல்வார்.

எங்களுடையது ரைன் நதிக்கரையில் ஒரு நடுத்தர ஊர். பெரிய நகரம் இல்லையென்றாலும் சொந்தமாக ஒரு தியேட்டரும், அதற்கென்று ஒரு பாலே குழுவும் இருந்தன. அந்தக் குழுவுக்குள் படிகள் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வரிசையில் ஆடுவதில் தொடங்கி, சின்னத் தனி நடனம், பெரிய தனி நடனம் என்று ஏறி, கடைசியில் கதாநாயகி வேடம். சீசனின் கடைசிக் காட்சி முடிந்து விழுந்த திரை மறுபடி எழும். இயக்குநர் பூங்கொத்தோடு மேடைக்கு வந்து, இன்னாருக்கு இன்று முதல் இந்தப் பதவி என்று எல்லோர் முன்னாலும் அறிவிப்பார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். அக்கா மட்டும் உட்கார்ந்தபடி, "உது இப்ப தெரிஞ்சு அழுகிற அழுகையில்லை, போன கிழமையே சொல்லியிருப்பினம்" என்பார்.

நான் திருச்சிக்காரி. மருத்துவமனைக் கருவிகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில், அதைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் ஒப்பந்த வேலைக்கு சேர்ந்திருந்தேன். எங்களுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. அந்தப் பிரிவுக்குத் தலைவி அக்கா. சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தாய் தகப்பனோடு அகதியாக வந்து, இங்கேயே படித்து, இங்கேயே வளர்ந்தவர். குட்டையாக வெட்டிய தலைமுடி, எப்போதும் கரும்பச்சையில் ஒரு மேலங்கி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி.

சேர்ந்த முதல் நாள், நீள நடையில் அவரைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஜெர்மனியில், அதுவும் மேலதிகாரியாக, ஒரு தமிழ்ப் பெண்! "வணக்கம்க்கா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அவர் ஜெர்மன் மொழியில், அந்நியரிடம் பேசும் மரியாதையோடு, என் மேசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். எனக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. அன்று மாலை டிராம் நிறுத்தத்தில் அவரே வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒஃபிசுக்குள்ள எங்கடை பாஷை வேண்டாம். ரண்டு பேர் விளங்காத பாஷையில கதைச்சா, மூண்டாவது ஆள் தன்னைப் பற்றித்தான் கதைக்கினம் எண்டு நினைப்பான். நானெண்டாலும் அப்பிடித்தான் நினைப்பன்."

அதற்குப் பிறகு டிராம் வரும்வரை தமிழில் என் ஊர், வீடு, சமையல் எல்லாம் விசாரித்தார். நல்ல மீன் வேண்டுமென்றால் டுசல்டோர்ஃபில் எந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் கடைக்காரரை நம்பக்கூடாது என்றும் சொன்னார்.

அவர் வருடச் சந்தாவில் இரண்டு இருக்கை எடுத்திருந்தார். ஒன்று அவர் கணவருக்கு. அந்த மனிதர் இரண்டு சீசன் தாக்குப்பிடித்திருக்கிறார். பிறகு, நித்திரை கொள்ள வீட்டிலேயே கட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். அந்த இருக்கைதான் எனக்கு வந்தது. பாலே பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்துகொண்டதெல்லாம் அக்காவிடம்தான். அதனால் நடனத்தின் அழகைவிட, அதன் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் புரிந்தது.

தியேட்டருக்குள் நுழைந்ததும் அன்று யார் யார் ஆடுகிறார்கள் என்று அச்சடித்த தாளை வாங்குவார். உட்கார்ந்து படிக்கமாட்டார், தூண் ஓரமாக நின்றுகொண்டுதான். சில நாட்களில் அதற்குள் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருக்கும்: இன்னாருக்கு உடல்நலமில்லை, அவருக்குப் பதில் இன்னார். அந்தச் சீட்டைக் கண்டால் அக்காவுக்குத் தீபாவளி.

"காலில நோவாம். முந்தாநாள் சந்தையில கண்டனான். ரண்டு கையிலயும் உருளைக்கிழங்குப் பையோட படி ஏறிப்போனவ."

"வேற கால்ல வலியா இருக்கும்க்கா" என்பேன்.

"நீர் ஒரு பாவம்" என்று என் தோளைத் தட்டுவார்.

ஞாயிறு மதியக் காட்சியில் கதாநாயகியாக ஆடவிட்டால் அது சோதனை. சனி இரவில் விட்டால் அது பரிசு. செவ்வாய்க்கிழமை விட்டால், அது வாயை அடைக்கக் கொடுத்தது. நடனக்காரிகள் கடைசியில் வணங்கும்போது யார் யாருடைய கையைப் பிடித்திருக்கிறார்கள், யார் விரலை மட்டும் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் விடமாட்டார். "சும்மா ஒருத்தரையும் நடுவில விடமாட்டினம்" என்பது அவருடைய முடிந்த முடிவு. ஒருமுறை சுவரொட்டியில் ஒரு பெண்ணின் முதுகை மட்டும் போட்டிருந்தார்கள். இவள் குழுவை விட்டுப் போகப்போகிறாள், அதனால்தான் முகத்தைப் போடவில்லை என்றார். நான் சிரித்தேன். அந்தக் கோடையில் அந்தப் பெண் உண்மையாகவே போய்விட்டாள். சந்தேகத்தில் இருக்கிற பெரிய தொல்லையே அது சில நேரம் பலித்துவிடுவதுதான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அக்காவைப் பிடிக்க முடியவில்லை.

எனக்கும் அது தொற்றிக்கொண்டது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பிள்ளைகள் பரதம் ஆடினால், நடுவில் நிற்கிற பிள்ளையின் அப்பா சங்கத்தில் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று என் கண் தேடியது. பேக்கரியில் எனக்கு மட்டும் அடுக்கின் அடியிலிருந்து ரொட்டி எடுக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். என் கணவர் என்னை ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்தார். அந்தப் பார்வைக்கும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

இவ்வளவு சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். கேட்டபடி சொல்கிற ஆள் இல்லை அவர். வேறொரு நாள், மழைக்கு டிராம் தாமதமானபோது, தானாகச் சொன்னார். இந்த நாட்டில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகம் வரை போகிற பள்ளிக்கூடம் யாருக்கு, சின்னதாக ஒரு தொழில் படிக்கிற பள்ளிக்கூடம் யாருக்கு என்று ஆசிரியர்தான் சொல்வார். வகுப்பில் கணக்கில் முதல் மாணவி அக்கா. அவருக்குச் சின்னப் பள்ளிக்கூடமே போதும் என்று எழுதினார்கள். கதவை மூடிக்கொண்டு அறைக்குள் பேசினார்களாம். வெளியே பெஞ்சில் அப்பாவும் அவரும் உட்கார்ந்திருந்தார்களாம். அப்பாவுக்கு ஜெர்மன் வராது. கதவு திறந்ததும் ஆசிரியை அன்பாகத் தலையைத் தடவிவிட்டாராம். ஏணிப்படி இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஏறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறார். "உள்ள என்ன கதைச்சவை எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது" என்றார். அதற்குப் பிறகு நான் அவரை அதிகம் கேலி செய்யவில்லை.

அந்தக் குழுவில் ஒரு பிரேசில்காரி இருந்தாள். கறுத்த பெண். பின்வரிசையில் ஓரமாக ஆடுவாள். அவளை முதலில் கண்டுபிடித்தது அக்காவின் பைனாகுலர்தான். இயக்குநரை விட்டு அது ஒருத்தியின் மேல் நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். "அந்தக் கையைப் பாரும். பாட்டு முடிஞ்ச பிறகும் அந்தக் கை முடியேல்லை" என்றார். குரலில் சந்தேகம் துளிகூட இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. பாலே ரசிகர்கள் எழுதிக்கொள்ளும் இணைய மன்றம் ஒன்று உண்டு. அதில் அக்கா வாரம் தவறாமல் அவளுக்காக எழுதினார். ஏன் இந்தப் பெண்ணுக்குத் தனி நடனம் இல்லை, யார் தடுக்கிறார்கள் என்று கேட்டார்.

ஒருநாள் இடைவேளையில் கழுத்தில் பட்டு டை கட்டிய ஒரு பெரியவர் வந்தார். அதே மன்றத்தில் எழுதுகிறவர், நல்ல மரியாதைக்காரர். உங்கள் கட்டுரைகளை விரும்பிப் படிக்கிறேன் என்றார். பிறகு தாழ்ந்த குரலில், அந்த இளம்பெண் விஷயத்தில் மட்டும் உங்கள் மனச்சாய்வு இயற்கையானதுதான், எங்களுக்குப் புரிகிறது என்று சொல்லிவிட்டு, தோல் நிறம் ஒன்றுதானே என்பதுபோலத் தன் கன்னத்தை ஒரு விரலால் லேசாகத் தொட்டுக் காட்டினார். அக்கா சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன் பிறகு மன்றத்தில் அவளைப் பற்றி அக்கா ஒரு வரி எழுதவில்லை. நானாகப் பேச்செடுத்தால், "இடது தோள் ஏறுது. இன்னும் படிக்கோணும்" என்பார். எனக்கு அந்தத் தோள் ஏறியதாகத் தெரியவில்லை. நடனம் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் ஒரு சீசன் முடிவில் வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விட்டாள்.

எங்கள் பிரிவில் ஒரு குழுவின் தலைவர் நீண்ட மருத்துவ விடுப்பில் போனார். அவர் வேலையை நான்தான் பார்த்தேன். மாதக்கணக்கில் பார்த்தேன். அவர் திரும்பி வரப்போவதில்லை என்று ஆனதும், அந்த இடத்துக்கு யார் என்ற பேச்சு வந்தது. அது நிரந்தர வேலை. என் ஒப்பந்தமோ அந்த வருடத்தோடு முடிகிறது. அது கிடைத்தால் அந்த ஊரில் இருக்கலாம், இல்லாவிட்டால் மறுபடி மூட்டை கட்டவேண்டும். வெறும் பிழைப்புக்காக மட்டும் என்று சொன்னால் பொய். எனக்கு அந்த இடம் வேண்டும் என்று ஆசையாக இருந்தது. என் வேலை எனக்கு நன்றாகத் தெரியும், அது எல்லோருக்கும் தெரியும் என்ற இறுமாப்பும் இருந்தது. முடிவு அக்காவின் கையில்.

திங்கள் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்று மார்க்குஸின் பெயரைச் சொன்னார். மார்க்குஸ் கெட்டவன் இல்லை. சந்தேகம் வந்தால் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறவன். அவன் காது சிவந்துபோயிற்று. இங்கே கூட்டங்களில் கைதட்டுவதற்குப் பதில் மேசையைத்தான் தட்டுவார்கள், எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். கை வலித்தது.

அந்த வாரம் முழுக்க, அக்கா கற்றுக்கொடுத்த வித்தையை அக்கா மேலேயே காட்டினேன். மார்க்குஸுக்கு மேலிடத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு கூட்டத்தில் அக்கா சொன்ன தேதியை நான் திருத்தினேனே, அந்தக் கோபமா? தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாதம் ஊருக்குப் போனதை மனதில் வைத்திருக்கிறாரா? இந்தியத் தமிழர்கள் என்றாலே அவருக்கு இளக்காரமா? ஒவ்வொன்றுக்கும் சாட்சி கிடைத்தது. தேடினால் கிடைக்காமல் போகிற சாட்சி உண்டா என்ன! வெள்ளிக்கிழமைக்குள் அவரை ஒரு பெரிய சதிகாரியாக்கி முடித்திருந்தேன்.

சனிக்கிழமை பாலே இருந்தது. போகவேண்டாம் என்றுதான் நினைத்தேன். கேட்காமல் விட்டால் தூக்கம் வராது என்று போனேன். அவர் வழக்கமான தூணோரம் நின்றிருந்தார். தாளைப் படிக்கவில்லை, மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"ஏன்க்கா எனக்குக் குடுக்கல?"

சுற்றி வளைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேராக என்னைப் பார்த்தார்.

"தகுதி உமக்குத்தான். அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

அவர் வாயால் அப்படி ஒரு வாக்கியம் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு வாரமாகக் கட்டியதெல்லாம் சரிந்தது. அதற்குக் கீழே இருந்தது அதைவிட மோசமாக இருந்தது.

"அப்ப ஏன்?"

"உம்மை நான் நடுவில விட்டா சனம் என்ன சொல்லும்? தன்ரை ஆளை விட்டிட்டா எண்டு சொல்லும். பிறகு நீர் என்ன செய்தாலும் அதைத்தான் சொல்லுவினம். நான் அந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் அதைத்தான் சொல்லுவன்."

"சொல்லிட்டுப் போகட்டுமேக்கா."

"உமக்கு விளங்காது."

எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் கோபத்தைக் கிளப்பியது. "நாம ரெண்டு பேரும் வேற வேற நாடு, வேற வேற ஊர். இங்க வர்ற வரைக்கும் நீங்க யாரு, நான் யாருன்னே தெரியாது. அவங்க நம்மள ஒண்ணாப் பாக்கறாங்கன்னு, நீங்களும் என்னை அப்படித்தான் பாத்தீங்களா?" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் விளங்காத பாஷையைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையிலிருந்த தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். காட்சி தொடங்கும் மணி அடித்தது. அவர் உள்ளே போனார். நான் வாசலில் கொடுத்துவைத்த மேலங்கியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வருட முடிவில் என் ஒப்பந்தம் முடிந்தது. ஆஹென் நகரில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். முந்தைய மேலதிகாரி ஒருவரிடம் தொலைபேசியில் விசாரிக்கலாமா என்று கேட்டார்கள். யாருடைய பெயரைக் கொடுப்பது? வேறு வழியில்லாமல் அக்காவின் பெயரைத்தான் கொடுத்தேன். இவர் பேசமாட்டார், பேசினாலும் பட்டும் படாமல் பேசுவார், இடது தோள் ஏறுகிறது என்று ஏதாவது சொல்லிவைப்பார் என்று நினைத்தேன்.

நேர்காணலில் இரண்டு பேர் இருந்தார்கள். வேலை பற்றிய கேள்விகள் முடிந்ததும், அதில் மூத்த பெண்மணி கோப்பை மூடிவைத்தார். உங்கள் முன்னாள் தலைவியோடு பேசினோம், பேசினோம் என்பதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றார். அக்கா அவர்களை ஒரு கேள்வி கேட்க விடவில்லையாம். தான் வேலைக்கு எடுத்தவர்களில் இவரைப்போல் ஒருவர் இல்லை என்றாராம். அந்தப் பதவியை இவருக்குத் தராதது தன் தவறு, இவருடைய குறை அல்ல என்று இரண்டு முறை சொன்னாராம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன். அப்போது அந்தப் பெண்மணி கொஞ்சம் தயங்கி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் இருவரும் உறவினர்களா என்று கேட்டார்.

"இல்லை. உறவாக இருந்திருந்தால் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்" என்றேன். நகைச்சுவை என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள்.

வேலை கிடைத்த செய்தி வந்த அன்று அக்காவைக் கூப்பிட்டேன். தியேட்டரில் விட்டுவிட்டு வந்த பிறகு அலுவலகப் பேச்சைத் தவிர நாங்கள் வேறு பேசியதில்லை. நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே கேட்டார்.

"சொந்தமோ எண்டு கேட்டவையோ?"

"கேட்டாங்க அக்கா."

"பாத்தீரோ" என்றார். சொன்னது பலித்த சந்தோஷம் அந்தக் குரலில் கொஞ்சமும் இல்லை. ஒரு பழைய களைப்புத்தான் இருந்தது. மற்ற நாளாக இருந்தால் நான் அதோடு விட்டிருப்பேன்.

"கேட்டாங்க. கேட்டுட்டு வேலையையும் குடுத்துட்டாங்க அக்கா."

வைத்துவிட்டாரோ என்று இரண்டு தரம் அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன்.

"இருக்கிறன்" என்றார். பிறகு, "குடுத்தவையோ?" என்று, சின்னப் பிள்ளை கேட்பதுபோல மறுபடி கேட்டார்.